மறு: ‘ட்ரோமா இன்ஃபோம்ட்’ – ‘மனவடு கருதிய’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

கொடிய அனுபவங்கள் மனதில் விட்டுச்செல்லும் பாதிப்பை (‘ட்ரோமா’) மனதில் வைத்து நடந்துகொள்வதைக் குறிக்கும் ‘ட்ரோமா இன்ஃபோம்ட்’ (trauma-informed) என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழ் தேடுகிறோம். குழுமத்தில் ஒருவர் கேட்டது:

> ‘அதிர்ச்சி அறிந்த நடைமுறைகள்’ என்று போட்டால் என்ன? எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும்தான் அண்ணா. என்ன விளங்கும் என்பதில்தான் எனக்குப் பயம். கிளிநொச்சியில் பாடசாலை ஊழியர்களின் பயிற்சிக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். தலைப்பிலேயே ‘அறிந்த’ என்று இருந்தால், பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அறிந்துகொள்வதே தன் வேலை என்று வாசிக்கிறவர் எடுத்துக்கொள்வார். நல்ல மனதோடுதான் கேட்கத் தொடங்குவார்: “அப்பா எங்கே? எப்போது காணாமல் போனார்?” வன்னியில் இந்தக் கேள்விகளை நிவாரணத்துக்கு வந்தவர், ஆய்வுக்கு வந்தவர், விண்ணப்பம் நிரப்ப வந்தவர் என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வகுப்பறையிலும் அது வேண்டாம்.

ஆங்கிலத் தொடரின் மூலக் கருத்து அதைக் கேட்கவும் இல்லை. எந்தப் பிள்ளையிடமும் ஒரு பாரம் இருக்கலாம் என்பதை மனதில் வைத்து வகுப்பை நடத்து என்பதுதான் அது. முதலாம் தவணையில் பதிவு எடுப்பதைப் பாருங்கள். எல்லோர் முன்னாலும் ஒவ்வொருவராக எழுப்பி, தகப்பன் பெயர், தொழில் கேட்டு எழுதுகிறோம். தன் முறை வருவதற்கு நாலைந்து பேர் முன்னதாகவே ஒரு பிள்ளை தலையைக் குனிந்து மேசை விளிம்பைச் சுரண்டத் தொடங்கிவிடும். அந்தப் பிள்ளையின் கதை ஆசிரியருக்குத் தெரிய வேண்டியதில்லை. படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி நிரப்பி வாங்கினால் போதும்.

ஆகவே ‘கருதிய’ என்கிறேன். ‘மாணவர் நலன் கருதி’ என்று நாங்கள் வாரத்துக்கு ஒரு கடிதமாவது எழுதுகிறோம். அதே கருதுதல்தான் இது. மனவடு கருதிய நடைமுறை, மனவடு கருதிய பாடசாலை, மனவடு கருதிய பயிற்சி. இரண்டாம் வேற்றுமைத் தொகை, ஒற்று மிகாது.

‘அதிர்ச்சி’ எனக்குப் போதவில்லை. அது ஒரு கணத்தில் நடப்பது. குடித்துவிட்டு வரும் தகப்பனோடு ஆறு வருடம் வாழ்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல் பொருந்தாது. ‘மனநெருக்கீடு’ என்றால் சோதனைப் பயத்தையும் சேர்த்துவிடும். ‘வெருட்சி’ எங்கள் வாயில் வரும் நல்ல சொல்; பிள்ளை வெருண்டுபோச்சு என்றால் கிழவிக்கும் விளங்கும். ஆனால் வெருளாமல் விறைத்துப்போய், பின்வாங்கில் சத்தமே இல்லாமல் இருக்கும் பிள்ளையை அது விட்டுவிடுகிறது. ‘மனவடு’ வடக்கில் உளநலம் எழுதுகிறவர்களிடம் ஏற்கெனவே புழங்குகிறது. புதிதாக ஒன்றைத் தேட வேண்டாம்.

சட்டத் தமிழில் நிற்குமா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் 2015ஆம் ஆண்டுக் கூட்டாட்சிக் கல்விச் சட்டம், இந்தப் பயிற்சிக்கு நிதியைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. அது ‘பயன்படுத்தலாம்’. பென்சில்வேனியாவின் 2019ஆம் ஆண்டு 18ஆம் இலக்கச் சட்டம் பாடசாலை ஊழியர்களுக்கு ஆகக் குறைந்தது ஒரு மணித்தியாலப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அது ‘அளித்தல் வேண்டும்’. இந்த வேறுபாட்டை மொழிபெயர்ப்பில் தொலைத்துவிடக் கூடாது. கலிபோர்னியாவின் கொம்ப்டனில் மாணவர்களும் ஆசிரியர்களும் 2015இல் பாடசாலை நிர்வாகத்துக்கு எதிராக வழக்குப் போட்டார்கள்; ஊழியர் பயிற்சியும் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. மனவடுவின் விளைவுகள் இயலாமைச் சட்டங்களின் பாதுகாப்புக்குள் வரக்கூடும் என்று ஏற்று, வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட நீதிமன்றம் மறுத்தது. அதற்காக மனவடு உள்ள எல்லோரும் இயலாமை உள்ளவர்கள் என்று அது சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் பிடித்துக்கொள்ளக்கூடியது, இலங்கை 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 39ஆம் உறுப்புரை: ஆயுத மோதலால் பாதிக்கப்பட்ட பிள்ளை உடலாலும் உளத்தாலும் மீள அரசு நடவடிக்கை எடுத்தல் வேண்டும். பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் 2005/17, 12/2016 சுற்றுநிருபங்களும் இருக்கின்றன. பிரம்பை வைத்துக்கொண்டு மனவடு கருதிய பாடசாலை நடத்த முடியாது. கையேட்டில் இதை முதல் பக்கத்திலேயே போடப்போகிறேன்.

———

தம்பி,

‘கருதிய’ எனக்குப் பிடித்திருக்கிறது. ‘வடு’தான் இடிக்கிறது. காயம் ஆறின பிறகு இருப்பதுதானே வடு? எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் ஆறவில்லையே.

இன்னொன்று. 2009இல் போரால் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளில் நானும் ஒருத்தி. இன்று நான் ரீச்சர். என்னோடு படிப்பிக்கிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் விளையாட்டுப் போட்டியில் ஓட்டத்துக்கு வெடி வைக்கும்போது பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். கூடாரத்துக்குள் இருக்கிற நாங்கள்தான் உறைந்துபோவோம். உங்கள் கையேட்டில் எங்களுக்கு இடம் இருக்கிறதா?

———

அன்புள்ள ரீச்சர்,

வடு என்றால் ஆறினது என்று மட்டும் தமிழ் சொன்னதில்லை. குறள் 129இல் தீ சுட்ட புண் உள்ளே ஆறிவிடும், நா சுட்ட வடுதான் ஆறாது. அந்த வழக்கை நம்பித்தான் சொல்லை எடுத்தேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி பெரியது. இடம் இருக்க வேண்டும். ‘பிள்ளையின் மனவடு’ என்று நான் எழுதிவைத்திருந்த வரைவிலக்கணத்தில் ‘பிள்ளையின்’ என்பதை எடுத்துவிடுகிறேன். ‘மனவடு கருதிய’ என்பது யாருடைய வடு என்று சொல்வதில்லை. மாணவர், ஆசிரியர், அதிபர், காவலாளி எல்லோரும் அதற்குள் அடங்குவார்கள். பயிற்சி நாளில் யாரையும் எழுப்பித் தன் அனுபவத்தைச் சொல்லச் சொல்லக் கூடாது, வெளியே எழுந்துபோக விரும்புகிறவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்று பயிற்சி நடத்தும் வளவாளருக்கான குறிப்பிலும் சேர்க்கிறேன். ஓட்டத்துக்கு வெடியை விட்டுவிட்டு விசிலும் கொடியும் பாவிக்கலாம் என்பதையும் உதாரணங்களில் போடுகிறேன், நீங்கள் சம்மதித்தால்.

வரைவு வாசகம் இப்போது இப்படி இருக்கிறது: ‘பாடசாலை ஊழியர் ஒவ்வொருவரும் மனவடு கருதிய நடைமுறைகளில் பயிற்சி பெறுதல் வேண்டும். எவரிடமும் அவரது மனவடு பற்றி வலிந்து வினவுதல் ஆகாது.’ ‘வலிந்து’ சட்டத்துக்குப் போதுமா, ‘அவரது விருப்பமின்றி’ என்று விரிக்க வேண்டுமா? சட்டம் படித்தவர்கள் சொல்லுங்கள்.