அப்பா அம்மாவுக்குக் கோவையில் ஒரு வீடு

அக்கா: இரண்டு முதியோர் குடியிருப்பும் பார்த்தாயிற்று. வடவள்ளி தாண்டி ஒன்று, தொண்டாமுத்தூர் பக்கம் ஒன்று. போட்டோ போட்டிருக்கிறேன், எல்லாரும் பாருங்கள்.

தம்பி (ஹூஸ்டன்): தொண்டாமுத்தூர் சூப்பர் அக்கா! மலை தெரிகிறது, நீச்சல் குளம் வேறு.

சித்தி: குளத்தில் யார் குதிக்கப் போகிறார்கள்? உங்க அம்மாவா? 😄

அம்மா: யானை வருகிறது என்று பேப்பரில் அடிக்கடி போடுகிறானே, அந்த ஊர்தானே?

அக்கா: ஆமாம்மா, அதற்கு வேலி போட்டிருக்கிறார்கள். யானையை விடு, பாத்ரூம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. உள்ளே வழுக்கி விழுந்து யாராவது கதவை ஒட்டிக் கிடந்தால் வெளியிலிருந்து தள்ளித் திறக்கவே முடியாது. சுவரில் கைப்பிடி இருக்கிறது, பிடித்து இழுத்தால் ஆடுகிறது. துண்டு காயப்போடலாம், அவ்வளவுதான். வடவள்ளியில் கதவு வெளிப்பக்கம் திறக்கிறது, வாசலில் மேடு இல்லை, தரை ஒரே மட்டம். கட்டில் பக்கத்தில் இருந்த மணியை அழுத்திப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள், பாவம்.

நான்: பகலில் ஓடி வருவாள். ராத்திரி 2 மணிக்கு?

அக்கா: அதையும் கேட்டேன். வடவள்ளியில் ராத்திரி ஒரு நர்ஸ் இருப்பார். இன்னொரு இடத்தில் ஆம்புலன்ஸ் வாசலிலேயே நிற்கிறது, டிரைவர்தான் 8 மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவாராம்.

சித்தி: அப்போ 8 மணிக்குள் நெஞ்சு வலி வரவழைத்துக்கொள்ள வேண்டும்!

அப்பா: இரண்டு ஒப்பந்த நகலும் படித்தேன்.

சித்தி: ரிஜிஸ்டர் ஆபீஸ் திறந்தாச்சு. சொல்லுங்க அத்தான்.

அப்பா: தொண்டாமுத்தூர்க்காரர்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் இரண்டாம் பிளாக்கை விற்கிறார்கள். முன்பணம் 25 சதவீதம் கேட்கிறார்கள். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அந்தச் சட்டப்படி பதிவு செய்ததற்கான ரெரா எண் எங்கே என்று கேட்டால் 'வந்துவிடும் சார்' என்கிறார்கள். எண் வராமல் விளம்பரமே செய்யக் கூடாது.

தம்பி (ஹூஸ்டன்): சரி, வடவள்ளியிலேயே வாங்கிவிடலாமே. நாளைக்கு எங்களுக்கும் ஒரு சொத்து.

அப்பா: உனக்கு 60 வயது ஆகும்வரை அதில் நீ குடியிருக்க முடியாது, விதி அப்படி. விற்பதானாலும் 60 தாண்டியவருக்குத்தான் விற்க வேண்டும், அதற்கும் நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். என் கவலை அதுவல்ல. 14ஆம் பக்கம் பார். 'தன் வேலையைத் தானே செய்துகொள்ள இயலாத நிலை வந்தால்' 30 நாளில் குடும்பத்தார் வேறு ஏற்பாடு செய்ய வேண்டுமாம். நாம் எதற்காகப் போகிறோமோ, அது வரும்போது கிளம்பச் சொல்கிறார்கள்.

நான்: பராமரிப்புப் பிரிவு என்று தனியாக ஒன்று இருக்கிறதே அப்பா?

அக்கா: இருக்கிறது, மொத்தம் ஆறு படுக்கை. நான் போனபோது ஆறும் நிரம்பியிருந்தது. அங்கே போனால் மாதக் கட்டணம் ஏறக்குறைய மூன்று மடங்கு.

அம்மா: உங்க அப்பா படுத்துவிட்டால் அவரை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டு நான் இந்தப் பக்கம் தனியாக இருக்க வேண்டுமா?

அக்கா: ஒரே வளாகம்தான் அம்மா. நடந்தே போய் நாள் முழுக்கக் கூட இருக்கலாம். ஆனால் படுக்கை காலியாக இருக்க வேண்டுமே, அதுதான் கேள்வி.

நான்: என் ஓட்டு வாடகைக்கு. 11 மாதம் இருந்து பார்க்கட்டும். கும்பகோணம் வீடு அப்படியே இருக்கட்டும், விற்க வேண்டாம்.

தம்பி (ஹூஸ்டன்): வாடகை தண்டம் இல்லையா? லீஸுக்குப் பெரிய தொகை போட்டால் மாதச் செலவு குறையுமே.

அப்பா: அந்தத் தொகை எப்போது திரும்பும் என்று படித்தாயா? அடுத்து ஆள் குடிவந்த பிறகுதான். அதுவும் 5 வருட லீஸை நோட்டரி கையெழுத்தோடு முடிக்கப் பார்க்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீஸ் பதிவாக வேண்டும். வாடகைதான் சரி.

நான்: வளாகப் பராமரிப்புக் கட்டணத்தையும் பாருங்கள். குடியிருப்போர் சங்கம் வசூலித்தால் மாதம் 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது. இங்கே நிறுவனமே வாங்குவதால் 18 சதவீதம் சேர்த்துத்தான் பில் வருகிறது. அவர்கள் சொல்லும் தொகை வரி சேர்க்காதது.

சித்தி: இவ்வளவு நேரம் பேசினீர்கள், சாப்பாடு எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அக்கா: மதியம் சாப்பிட்டேன் சித்தி. ரசம் நன்றாக இருந்தது, பொரியலில் உப்பில்லை. பாதிப் பேருக்கு பிபி, அதனால் அப்படித்தானாம். மேசையில் உப்பு ஜாடி வைத்திருக்கிறார்கள்.

அம்மா: காலைக் காபிக்கு நான் டைனிங் ஹால் வரை நடக்க மாட்டேன். 5 மணிக்கு எனக்கு அடுப்பு வேண்டும்.

அக்கா: கேஸ் கூடாதாம், இண்டக்‌ஷன் வைத்துக்கொள்ளலாம்.

அம்மா: ஃபில்டர் என்னுடையது. அப்புறம் என்ன, போய்ப் பார்க்கலாம்.

அப்பா: அந்த 30 நாள் விதியை எடுக்கட்டும், இல்லையென்றால் படுக்கைக்கு முன்னுரிமை என்று எழுதித் தரட்டும். வாயால் சொன்னால் போதாது. எழுதித் தந்தால் அட்வான்ஸ்.

அக்கா: சரிப்பா, நாளைக்கு மேனேஜரிடம் பேசுகிறேன். 14ஆம் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை தெளிவாகப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், உங்கள் விரல் பாதியை மறைக்கிறது.