பாப் ஸுவைலாவில் ஒரு மாலை

கெய்ரோ போகிற பலர் பாப் ஸுவைலா என்ற பழைய நகரவாசலின் மேலுள்ள மினாரில் (பள்ளிவாசல் கோபுரத்தில்) ஏறி, ஊரைப் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்குக் கீழே, அந்த வாசலுக்குள்ளேயே நேரம் போய்விட்டது.

வடக்கு வாசலான பாப் அல்-ஃபுதூஹிலிருந்து முயிஸ் தெருவழியாக நடந்து வந்தேன். சுமார் ஒன்றரை கிலோமீட்டர். கெய்ரோவை நிறுவிய ஃபாத்திமிய வம்சத்தார் காலத்து நகரம் அவ்வளவுதான். அதன் தெற்கு வாசல் இது. பத்ர் அல்-ஜமாலி என்ற அமைச்சர் 1092இல் கல்லால் கட்டியது. மேலே நிற்கும் இரண்டு மினார்களும் 300 வருஷத்துக்கு மேல் பிந்தியவை. பக்கத்தில் இருந்த சிறையில் அடைபட்டுக் கிடந்த முஅய்யத் ஷேக், விடுதலையானால் இதே இடத்தில் பள்ளிவாசல் கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டாராம். சுல்தான் ஆனதும் 1415இல் வேலையைத் தொடங்கினார். அதன் மினார்களுக்குத்தான் வாசலின் கோபுரங்கள் அடித்தளமாயின.

கதவருகே நின்றிருந்தபோது பக்கத்துக் கடைப் பெரியவர் ஒருவர் வந்து, அந்தக் காலத்தில் தலைவலிக்காரர்கள் இங்கே ஆணி அடிப்பார்கள், பல்வலிக்காரர்கள் பிடுங்கிய பல்லைச் செருகுவார்கள் என்று சைகையோடு விளக்கினார். கதவுக்குப் பின்னால் முதவல்லி என்ற இறைநேசர் இருப்பதாக நம்பிக்கை. அதனால் ஊர்க்காரர்களுக்கு இது பாப் அல்-முதவல்லி.

எனக்கு உடம்பு சிலிர்த்தது இதனால்தான். 1260இல் மங்கோலியத் தலைவன் ஹுலாகுவின் தூதர்களை, எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் கொன்று தலைகளைத் தொங்கவிட்ட வாசல் இது. கடைசி மம்லூக் சுல்தான் தூமான் பேயை 1517இல் எகிப்தைப் பிடித்த உஸ்மானியத் துருக்கியர்கள் தூக்கிலிட்டதும் இங்கேதான். கயிறு இரண்டு தடவை அறுந்தது என்றும், கூடியிருந்தவர்களைத் தமக்காகக் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதச் சொன்னார் என்றும் அக்கால வரலாற்றாசிரியர் இப்னு இயாஸ் எழுதியிருக்கிறார். அவ்வளவு பயங்கரம் நடந்த இடத்துக்கே ஜனங்கள் நோவு தீர வேண்டி வந்திருக்கிறார்கள்! எத்தனையோ கோட்டைவாசல்கள் பார்த்திருக்கிறேன், இப்படி மனதைப் பிசைந்தது வேறில்லை.

சரி, போகிறவர்களுக்கு: மினார் படிகள் குறுகல், இருட்டு. வெளிச்சம் இருக்கும்போதே ஏறிவிடுங்கள். இறங்கிய பிறகு எதிரே தெற்கில் கய்யாமிய்யா, கூரை போட்ட கூடாரத் துணிக் கடைத்தெரு. 17ஆம் நூற்றாண்டில் ரித்வான் பே கட்டியது. துண்டுத்துணிகளை வெட்டி ஒட்டுத்தையல் போடுவதை உட்கார்ந்து பார்க்கலாம், வாங்கித்தான் ஆகவேண்டும் என்று என்னை யாரும் நெருக்கவில்லை.