மொறிஸ் மைனர்: ஸ்ரார்ட்டர் சுழல்கிறது, எஞ்சின் அசைவதில்லை

கேள்வி

வணக்கம். அப்பா பாவித்த 1958 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 யாழ்ப்பாணத்தில் என்னிடம் இருக்கிறது. ஸ்ரார்ட்டர் குமிழை இழுத்தால், குறிப்பாகக் காலையில், மோட்டர் மட்டும் விர்ரென்று சுழல்கிறது. வேறு சில வேளைகளில் 'டக்' என்ற ஒலியோடு விளக்குகள் மங்கி, எதுவும் அசையாமல் நின்றுவிடுகிறது. பற்றரி புதியது. அண்மையில் ஒரு கராச்சில் ஸ்ரார்ட்டரைக் கழற்றி, கிறீஸ் பூசி மாட்டிய பின்னரே இப்படி ஆனது. மோட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். காரோடு வந்த உறுப்பை இழக்க எனக்கு மனமில்லை.

மறுமொழி 1

தம்பி, மோட்டரை மாற்ற வேண்டாம். விர்ரென்று சுழல்வதே மோட்டர் நலமாக இருப்பதற்குச் சான்று. உங்கள் காரில் உள்ள லூக்காஸ் நிறுவன ஸ்ரார்ட்டரின் பினியனை (தண்டிலுள்ள சிறு பற்சில்லை) முன்னே தள்ளுவதற்கென்று தனி நெம்பு கிடையாது. தண்டு திடீரென்று சுழலும்போது, பினியன் தன் பாரத்தால் பின்தங்கி, திருகுப் புரி வழியே நகர்ந்துதான், எஞ்சினோடு சுழலும் பெரிய சில்லான பறப்புச் சில்லின் பற்களைப் பிடிக்கிறது. அந்தப் புரியில் கிறீஸ் இருந்தால் கிளச்சுத் தூசி அதில் ஒட்டிப் பசையாகி, காலைக் குளிரில் இறுகி, பினியனை நகரவிடாது. பற்றரியைக் காரின் உடலோடு இணைக்கும் பூமி வயரை முதலில் கழற்றுங்கள் (இந்தக் காரில் அது நேர்முனையில் இருக்கும்). பின்னர் ஸ்ரார்ட்டரை இறக்கி, பினியன் பகுதியை மட்டும் மண்ணெண்ணெயில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். அதன் மேல் எந்த எண்ணெயும் பூசக் கூடாது.

'டக்' என்று நின்றால் பினியன் பற்களிடையே இறுகியிருக்கிறது. மோட்டரின் பின்முனையில் உள்ள சிறு மூடியைக் கழற்றினால் சதுரமான தண்டு முனை தெரியும். அதை ஸ்பானரால் திருப்பினால் விடுபடும்.

மறுமொழி 2

மேலே ஐயா சொன்னது சரி. ஸ்ரார்ட்டர் வெளியே இருக்கும்போதே அது இருந்த துவாரத்தின் வழியாக, பறப்புச் சில்லின் பல்வளையத்தை முழுச் சுற்றும் பாருங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களிலேயே நின்று ஓய்வதால், அங்குள்ள பற்களே அதிகம் தேயும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கைப்பிடியால் சுற்றினால் எளிது.

கேட்டவர்

கழுவி உலர்த்தி மாட்டினேன். வெறுமனே சுழல்வது நின்றுவிட்டது. பற்களில் தேய்வு சிறிதுதான். ஆனால் எஞ்சின் மெதுவாகவே சுற்றுகிறது. சோக் கம்பியும் (குளிர்ந்த எஞ்சினைத் தொடக்க இழுப்பது) கை வைக்க முடியாதபடி சுடுகிறது.

மறுமொழி 1

அந்தச் சூடுதான் முக்கியமான தடயம். எஞ்சின் றப்பரின் மேல் அமர்ந்திருப்பதால், எஞ்சினிலிருந்து காரின் உடலுக்குச் செல்லும் பூமிப் பட்டை கெட்டால் ஸ்ரார்ட்டரின் மின்னோட்டம் சோக் கம்பி வழியாகப் பாயும்; அது தீப்பிடிக்கவும் காரணமாகலாம் என்பதால் பட்டையைச் சரிசெய்யும் வரை குமிழை இழுத்துப் பார்க்காதீர்கள். பட்டையின் இரு முனைகளையும் உலோகம் பளிச்சிடும் வரை சுரண்டி இறுக்குங்கள். இழைகள் அறுந்திருந்தால் புதிதாகப் போடுங்கள். அதன் பிறகு ஒருவர் குமிழை இழுக்க, வோல்ற்று மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையிலும் மறுமுனையை ஸ்ரார்ட்டரின் உடலிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் இன்னும் தடை இருக்கிறது.