ஒஹாயோல மேரேஜ் சர்டிஃபிகேட் வாங்கினவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வணக்கம் மக்களே, நாங்க கொலம்பஸ்ல இருக்கோம், இங்க கல்யாண லைசென்ஸ் தர்றது புரோபேட் கோர்ட் (உயில், வாரிசு விஷயம்லாம் பாக்குற கோர்ட்) தான், ரெண்டு பேரும் ஐடியோட நேர்ல போய் வாங்கிட்டோம், 60 நாள் தான் செல்லும்னதால அவசர அவசரமா கோயில்ல தாலியும் கட்டியாச்சு. கல்யாணம் நடத்தி வச்சவர் 30 நாளுக்குள்ள பேப்பரை கோர்ட்டுக்கு திருப்பி அனுப்பணுமாம், எங்க ஐயர் சந்தனக் கையோட கையெழுத்து போட்டு மடிச்சு பைல வச்சதோட சரி, இப்போ சர்டிஃபைட் காப்பி கேட்டா ரெக்கார்டே இல்லங்குறாங்க. பாஸ்போர்ட்ல பேர் சேர்க்கணும், ஊர்ல காட்ட அப்போஸ்டில் (வெளிநாட்டுலயும் செல்லும்படி அரசாங்கம் தர்ற சான்று) வேற வேணும். லேட்டா அனுப்பினா ஏத்துக்குவாங்களா, இல்ல புது லைசென்ஸ் எடுக்கணுமா? பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ், மாமியார் தினம் கேக்குறாங்க 😅