பொத்தோசி வெள்ளிச் சுரங்கம்: இறந்தோர் எண்ணிக்கை குறித்து உதவி தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். இன்றைய பொலிவியாவில், கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே அமைந்த பொத்தோசி வெள்ளிச் சுரங்கங்களைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதிவருகிறேன். 1545இல் அங்கே வெள்ளி கண்டறியப்பட்டது. 1570களில் பெருவின் ஸ்பானிய ஆளுநர் பிரான்சிஸ்கோ தே தொலேதோ, குறிப்பிட்ட மாகாணங்களின் பழங்குடி ஆண்களில் ஏழில் ஒருவர் முறைவைத்துச் சுரங்கவேலைக்கு வந்தே தீரவேண்டும் என்ற மீத்தா ஏற்பாட்டை நிலைநிறுத்தினார். இன்கா காலத்து ஊழிய முறையின் பெயரையே அதற்கு வைத்துக்கொண்டது தந்திரம்தான். கட்டைவிரலில் மெழுகுவத்தியைக் கட்டிக்கொண்டு, தாதுச் சுமையோடு தோல் ஏணிகளில் அவர்கள் ஏறிவந்தது அக்காலக் குறிப்புகளில் தெளிவாகவே பதிவாகியுள்ளது.

சிக்கல் எண்ணிக்கையில்தான். அங்கே 80 லட்சம் பேர் மாண்டனர் என்று பலரும் எழுதுகிறார்கள். ஆதாரம் காட்டுவோர் அரிது. மீத்தாவுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடியவர்களையும், பெரியம்மை போன்ற கொள்ளைநோய்களில் இறந்தவர்களையும் சுரங்கச் சாவுகளோடு சேர்த்து எண்ணிவிட்டார்களோ என்ற ஐயம் எனக்குண்டு. மீத்தா பதிவேடுகளையோ தேவாலய இறப்புப் பதிவுகளையோ அடிப்படையாகக் கொண்ட ஆய்வுகளை அறிந்தவர்கள் தெரிவித்தால் பெரிதும் உதவியாக இருக்கும். ஸ்பானிய மொழி நூலாயினும் பரவாயில்லை. பக்க எண்ணோடு குறிப்பிட்டால் இன்னும் நன்று.