அதிகம் அறியப்படாத எழுத்தாளர்களின் நூல்களுக்கு மதிப்புரை எழுதிய அனுபவங்கள்

பேர்பெற்ற எழுத்தாளரின் நாவலுக்கு மதிப்புரை எழுதுவது ஒரு வகையில் சுலபம். ஏற்கெனவே பத்துப் பேர் பேசியிருப்பார்கள். ஒத்துப்போகலாம், மறுக்கலாம், ஒன்றுமே தோன்றாவிட்டால் அவருடைய முந்தைய நாவலோடு ஒப்பிட்டு ஒப்பேற்றிவிடலாம். யாரென்றே தெரியாத ஒருவரின் முதல் புத்தகம் கைக்கு வரும்போதுதான் திண்டாட்டம். பின்னட்டை வாசகத்தைத் தவிரப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. அதையும் பெரும்பாலும் அவரே எழுதியிருப்பார்.

நான் வகை பார்த்து வாசிப்பதில்லை. துப்பறியும் கதை, பேய்க்கதை, கவிதை, தன்வரலாறு, எது வந்தாலும் சரி. ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் மதிப்புரையாளர் பிழைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐந்து புத்தகங்கள் ஒரே கட்டாக வந்து இறங்கும். ஒன்று பாலஸ்தீனம் பற்றி, இன்னொன்று பால்பண்ணை பற்றி. படித்தபோது சிரித்துவிட்டேன், என் மேசையும் அப்படித்தான் இருக்கிறது. அவர் சொல்லும் வழி இது: பெரும்பாலான புத்தகங்களை விட்டுவிட வேண்டும். முக்கியமென்று படுகிற சிலவற்றுக்கு 1,000 சொற்களுக்குக் குறையாமல் எழுத வேண்டும். மற்றவற்றுக்கு ஓரிரு வரிக் குறிப்பு போதும். இரண்டுக்கும் நடுவே 600 சொற்களில் வரும் மதிப்புரை யாருக்கும் உதவாது.

அந்த 600 சொல் விஷயத்தில் எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் ‘விட்டுவிட வேண்டும்’ என்பதில் உடன்பாடில்லை. பிரபலமானவரை நான் விட்டால் இன்னொருவர் எழுதிவிடுவார். இவர்களை நான் விட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

ஒரு துப்பறியும் நாவல். கொலையாளி யாரென்று பாதியிலேயே தெரிந்துபோனது. துப்பு என்று ஆசிரியர் ஒளித்துவைத்தது எல்லாம் துருத்திக்கொண்டு நின்றது. ஆனால் இறந்தவரின் அறைக்குள் காவல் அதிகாரி முதல்முறை நுழையும் இரண்டு பக்கங்கள் இருக்கின்றனவே! வாசலில் ஒரு ஜோடி செருப்பு, வெளியே கிளம்பத் தயாராக முனை வாசலைப் பார்த்தபடி. கட்டிலில் பாதி மடித்த போர்வை. மூக்குக்கண்ணாடி மட்டும் கழிவறை ஜன்னல் விளிம்பில். அதிகாரி எதையும் தொடுவதில்லை, எதையும் விளக்குவதுமில்லை. அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பது நமக்கே தெரிந்துவிடுகிறது. மதிப்புரையில் அதிலிருந்து ஒரு முழுப் பத்தியை எடுத்துப் போட்டேன். மூலத்திலிருந்து நீளமாக ஒரு பத்தியாவது கொடுங்கள், வாசகர் தாமே ருசி பார்க்கட்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் மதிப்புரையாளர்களுக்குச் சொன்ன விதிகளில் ஒன்று உண்டு. அறிமுகமில்லாத எழுத்தாளருக்கு அது கட்டாயம். நான் நூறு பெயரடை அடுக்குவதைவிட அவருடைய நாலு வரி அதிகம் பேசும்.

உங்களுக்கு இப்படி அகப்பட்டவை என்னென்ன?

* * *

அறிவியல் புனைகதைப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

கேள்விப்படாத பெயர், குறுநாவல். அட்டை கண்ணைக் குத்தியது. பக்கத்துக்குப் பக்கம் எழுத்துப்பிழை. மூடி வைத்துவிடலாம் என்று இருந்தபோது மூன்றாம் அத்தியாயம் வந்தது. கணவன் செவ்வாயில், மனைவி பூமியில், இருவருக்கும் சண்டை. பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒளி போய்ச்சேரக் குறைந்தது 3 நிமிடம் ஆகும். இரண்டு கோள்களும் மிகத் தள்ளி இருக்கும் காலத்தில் 22 நிமிடம் வரைகூட. வானொலி அலைக்கும் அதே வேகம்தான். நிறையக் கதைகளில் இதைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள், பக்கத்து அறையில் இருப்பவர்போலப் பேசிக்கொள்வார்கள். இவர் கதையையே அந்த இடைவெளிக்குள் வைத்திருந்தார்.

அவள் ஆத்திரத்தில் ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்பிவிடுகிறாள். அடுத்த நிமிடமே மனசு கேட்காமல் மன்னிப்புக் கேட்டு இன்னொரு செய்தி. பின்னால் போவது முன்னால் போனதை எட்டிப் பிடிக்க முடியாது. அந்த வார்த்தையைக் கேட்டதும் அவன் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டால்? என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரிய முக்கால் மணி நேரம் ஆகும். அத்தியாயம் முழுக்க அந்த முக்கால் மணி நேரம்தான். அலமாரியிலிருந்து அவன் சட்டைகளை எடுத்து மடிக்கிறாள், மடித்ததைக் கலைத்து மறுபடியும் மடிக்கிறாள். ஒரு இடத்திலும் ‘அவள் தவித்தாள்’ என்று ஆசிரியர் எழுதவில்லை.

என் மதிப்புரையில் முக்கால்வாசி இந்த அத்தியாயம்தான். பிழைகளைப் பற்றி ஒரே வாக்கியம். மெய்ப்புப் பார்க்க ஆள் வைக்க வழியில்லாதவர் வேறு, எழுதத் தெரியாதவர் வேறு. பெரிய பதிப்பகத்துக்கு எழுதுகிறவருக்குப் பின்னால் செம்மையாக்குநர், மெய்ப்புத் திருத்துபவர், அட்டை ஓவியர் என்று ஒரு படையே நிற்கும். தானே பதிப்பிப்பவருக்கு எல்லாமே அவர்தான். அதற்காகப் பிழையை மறைக்க வேண்டும் என்று சொல்லவில்லை, காசு கொடுத்து வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். எந்த இடத்தில், எவ்வளவு அழுத்திச் சொல்வது என்பதுதான் விஷயம்.

* * *

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. சரித்திர நாவல், நடை அருமை, போர்க்காட்சிகள் விறுவிறு. ஆனால் 12-ஆம் நூற்றாண்டுத் தளபதி கோட்டைச் சுவரில் நின்று தொலைநோக்கியை நீட்டி எதிரியின் கொடியைப் பார்க்கிறார். தொலைநோக்கிக்குக் காப்புரிமை கேட்டு நெதர்லாந்தில் விண்ணப்பம் போனதே 1608-இல்தான். அப்புறம் ஒரு காட்சியில் தீக்குச்சி உரசி விளக்கேற்றுகிறார்கள். உரசினால் பற்றும் தீக்குச்சி 1820-களில் வந்தது.

தீக்குச்சியை மதிப்புரையில் சேர்க்கவில்லை. ஆசிரியருக்குத் தனியாக எழுதினேன். அதை எடுத்துவிட்டால் கதையில் எதுவும் மாறாது, அடுத்த பதிப்பில் சிக்கிமுக்கிக் கல் வைத்தால் போதும். தொலைநோக்கி அப்படியல்ல. போரின் முடிவே அந்தக் கொடி தெரிந்ததில்தான் தொங்குகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் வாசகரை ஏமாற்றியதாகும். சொன்னேன். ஆசிரியர் கோபித்துக்கொண்டார், இன்னும் பேசவில்லை. போகட்டும்.

* * *

கவிதைத் தொகுப்புக்கு யாராவது நேர்மையாக எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? எனக்குக் கிடைப்பதில் பாதி, உரைநடையை மடக்கி மடக்கி எழுதியது. நல்லதாக ஐந்து கவிதை இருந்தால் அந்த ஐந்தின் பக்க எண்ணைக் கொடுத்துவிடுகிறேன், மற்றதைப் பற்றிப் பேசுவதில்லை. சிறுவர் நூல் என்றால் இன்னும் சுலபம்: ஒரு குழந்தைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன், எந்தப் பக்கத்தில் எழுந்து ஓடுகிறது என்று பார்ப்பேன். அந்தப் பக்க எண்ணும் மதிப்புரையில் வரும்.

* * *

புத்தகத்தைவிட எழுத்தாளரைச் சமாளிப்பதுதான் எனக்குப் பெரும் பாடு. அதைப் பற்றி யாரும் பேசவில்லையே!

அறியப்படாதவர் என்றால் நம்மிடம் நேரடியாக வருவார். இலவசப் பிரதி அனுப்புவார், மறுநாளே “படிச்சாச்சா?” என்பார். பிறகு நட்சத்திரக் கணக்கு. மூன்று நட்சத்திரம் போட்டதற்கு ஒருவர் “நான் என்ன பாவம் செய்தேன்?” என்று கேட்டார். மூன்று என்றால் படிக்கலாம் என்று அர்த்தம், ஆனால் விற்பனைத் தளங்களில் ஐந்துக்குக் கீழே எல்லாமே திட்டு என்று ஆகிவிட்டது. இன்னொருவர் பேரத்துக்கே வந்தார்: “என்னுடையதுக்கு நீங்கள் ஐந்து போடுங்கள், உங்களுடையதுக்கு நான் போடுகிறேன்.” நான் புத்தகமே எழுதியதில்லை என்றேன். “எழுதும்போது சொல்லுங்கள்” என்றார்!

சிரிப்பாக இருந்தாலும் இதில் இடிபடுவது நல்ல புத்தகங்கள்தான். எல்லாவற்றுக்கும் ஐந்து என்றால் உண்மையிலேயே ஐந்துக்குத் தகுதியானதை எப்படிக் காட்டுவது? அமெரிக்காவில் இலவசப் பொருளுக்கு விமர்சனம் எழுதினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2009-இலேயே வழிகாட்டுதல் வந்தது. பொய் விமர்சனங்களை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. என் வழக்கம் எளிது. இலவசப் பிரதி என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன். நண்பர்களின் புத்தகத்துக்கு எழுதுவதில்லை. எழுதி முடிக்கும் வரை ஆசிரியரோடு பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

ஆனாலும் அவர்கள் இப்படித் துரத்துவதைப் பார்த்து எரிச்சல்பட மனம் வரவில்லை. பிரிட்டிஷ் எழுத்தாளர் டோரிஸ் லெஸ்ஸிங் உலகப் புகழோடு இருந்த காலத்தில், 1983-இல், ஜேன் சோமர்ஸ் என்ற புனைபெயரில் ஒரு நாவல் வெளியிட்டார். புதியவர்களுக்கு என்ன மரியாதை கிடைக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான். அவருடைய வழக்கமான பதிப்பகமே கையெழுத்துப் பிரதியைத் திருப்பிவிட்டது. வேறொரு பதிப்பகம் வெளியிட்டும் பெரிதாக விற்கவில்லை, மதிப்புரையும் சொற்பம். அடுத்த வருடம் தாம்தான் அது என்று அவரே சொன்னார். அதே கை, அதே எழுத்து. பெயர் இல்லை, அவ்வளவுதான். அப்படியானால் பெயரே இல்லாமல் தொடங்குகிறவர் கதவைத் தட்டத்தானே செய்வார்?

* * *

நான் தட்டுகிற கட்சி. ஒரு பேய்க்கதை நாவல் எழுதியிருக்கிறேன், அநேகமாக நீங்கள் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

வந்த விமர்சனங்களில் பெரும்பாலானவை ‘அருமை’, ‘வாழ்த்துகள்’. உறவினர்கள் போட்டவை, படிக்காமலே. முன்பின் தெரியாத ஒருவர் மட்டும் நீளமாக எழுதினார், இரண்டரை நட்சத்திரம். கிணற்றடிக் காட்சியில் விளக்கை அணைத்த பிறகு பேச்சுக்குரல் வரும் இடம் வரை பயந்ததாகவும், அடுத்த அத்தியாயத்தில் பேயின் பூர்வகதையை நான் பன்னிரண்டு பக்கம் விளக்கியதும் பயம் போய்விட்டதாகவும் சொல்லியிருந்தார். ‘இவ்வளவு தெரிந்தபின் அது பேயில்லை, பக்கத்து வீட்டுக்காரர்’ என்று ஒரு வரி. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு அந்தப் பன்னிரண்டு பக்கத்தை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். மனிதர் சொன்னது சரிதான். யாராவது வாங்கும்போதுதான் பிரதி அச்சாகும், தேவைக்கேற்ப அச்சிடும் முறை என்பதால் கோப்பை மாற்றி ஏற்றினேன், புதிதாக வாங்குகிறவர்களுக்கு அந்த அத்தியாயம் இல்லாத நாவல்தான் போகிறது.

அவருடைய விமர்சனம் இன்னும் அப்படியே இருக்கிறது, இல்லாத அத்தியாயத்தைத் திட்டிக்கொண்டு. மாற்றச் சொல்லிக் கேட்பது முறையா, இல்லை அப்படியே விடுவதா? இங்கே மதிப்புரை எழுதுகிறவர்கள் சொல்லுங்கள், உங்களிடம் ஒரு எழுத்தாளர் அப்படி வந்து கேட்டால் மறுபடியும் படிப்பீர்களா?