சர்வேயில் "சர்க்கரை இல்லை", காப்பீட்டுப் பதிவில் "உண்டு": எதை நம்புவது?

கேள்வி:
வணக்கம். ஒரு உடல்நல சர்வேயின் பதில்களை அதே ஆட்களின் காப்பீட்டு க்ளெய்ம்களோடு இணைத்துப் பார்க்கிறேன். சர்க்கரை நோய் இல்லை என்று சொன்ன பலருக்குப் பதிவில் அந்த நோயின் குறியீடு இருக்கிறது, சிலருக்கு நேர்மாறு. கப்பா மதிப்பும் (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு, இரண்டு தகவலும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) குறைவு. பதிவுதான் சரி, இத்தனை பேர் தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று எழுதிவிடலாமா?

பதில் 1:
தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். க்ளெய்ம் என்பது பணம் கேட்டு அனுப்பிய பில், நோயைப் பற்றிய தீர்ப்பு அல்ல. சந்தேகத்தின் பேரில் ரத்தப் பரிசோதனை செய்தாலே சில நேரம் குறியீடு ஏறிவிடும், முடிவு நார்மல் என்று வந்தாலும் அது அங்கேயே கிடக்கும். அதனால்தான் பலரும் 2 வருடத்துக்குள் ஒரு உள்நோயாளி க்ளெய்ம், அல்லது வேறு வேறு நாளில் 2 வெளிநோயாளி க்ளெய்ம் இருந்தால்தான் நோயாளி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் கப்பா: நோய் அரிதாக இருந்தால், பெரும்பாலானோரின் பதில் ஒத்துப்போனாலும் அது இறங்கித்தான் தெரியும். சர்வேயில் உண்டு/இல்லை, பதிவில் உண்டு/இல்லை என்ற நான்கு கட்டங்களின் எண்ணிக்கையையும் அப்படியே கொடுங்கள்.

பதில் 2:
சர்வேயில் "உண்டு" என்று சொல்லியும் பதிவில் குறியீடு இல்லாத அந்த நேர்மாறான ஆட்களை விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் மெடிக்கேர் (முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடு) பலன்களைத் தனியார் நிறுவனம் வழியாகத் தரும் மெடிக்கேர் அட்வான்டேஜில் இருப்பவரின் சிகிச்சை, வழக்கமான மெடிக்கேர் க்ளெய்ம் கோப்பில் பெரும்பாலும் இருக்காது. பதிவு காலியாக இருப்பதால் ஆள் நலமாக இருக்கிறார் என்று ஆகாது. ஒவ்வொருவரும் எந்தெந்த மாதம் எந்தத் திட்டத்தில் இருந்தார் என்பதை முதலில் பாருங்கள். காப்பீடு உண்டா என்ற கேள்வியிலேயே இந்தச் சிக்கல் உண்டு: வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டுக்குக் கலிஃபோர்னியாவில் மெடி-கால், விஸ்கான்சினில் பேட்ஜர்கேர் என்று பெயர், அதனால் மெடிக்கெய்டு இல்லை என்று மனதாரச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இணைக்கச் சம்மதிக்காதவர்கள் உங்கள் தரவிலேயே இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பிரித்துப் பார்த்தேன், "இல்லை" என்றவர்களில் நிறையப் பேருக்கு ஒரே ஒரு க்ளெய்ம்தான், அதுவும் பரிசோதனைக்கூட பில். ஆனால் சில பெண்களுக்கு இன்சுலின் பில்லே இருக்கிறதே?

பதில் 1:
கேள்வித்தாளின் வாசகத்தை எடுத்துப் படியுங்கள். பல சர்வேக்களில் "கர்ப்ப காலம் தவிர, உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மருத்துவர் சொன்னதுண்டா" என்றுதான் கேட்கிறார்கள். கர்ப்பத்தின்போது மட்டும் இன்சுலின் போட்டவர் "இல்லை" என்றால் அது சரியான பதில். அதே மாதங்களில் பிரசவ க்ளெய்ம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.